கூரையில் நாலு தூம்பு: ஒரு கார் ஒழுகிய கதையும் கொஞ்சம் வரலாறும்

வணிகவியல் படிக்கிறவனுக்குக் காரோடு என்ன சோலி என்று கேட்பீர்கள். கேளுங்கள். காரில் ஆரம்பித்துக் கடைசியில் கணக்குப் பதிவியலில்தான் வந்து நிற்கப்போகிறேன். நடுவில் கொஞ்சம் வரலாறு.

போன ஐப்பசியில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மண்டபத்துக்குக் கூட்டிப்போகச் சித்தப்பாவின் காரைக் கேட்டிருந்தார்கள். அவர் அதை வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் கூரையில் கண்ணாடி வைத்த சன்ரூஃப் வண்டி. எங்கள் சாயர்புரத்தில் அப்படி ஒரு வண்டியை வாங்கிவிட்டால் பத்து நாளைக்கு ஊரே பேசும். சித்தப்பாவும் பேசவிட்டார்.

காலையிலிருந்து மழை. மண்டபத்துக்குப் போகும் வழியில் ஒரு வேகத்தடை. சித்தப்பா பிரேக்கை மிதித்தார். உள்ளே கூரை விளக்கு இருக்கிற இடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் அப்படியே கொட்டியது. சித்தப்பா மேல் பாதி. பின்னால் இருந்த மணப்பெண்ணின் பட்டுச்சேலை மேல் மீதி. தண்ணீர்கூடப் பரவாயில்லை, அது எங்கள் தேரி மண் நிறத்தில் இருந்தது.

அன்றைக்குச் சித்தப்பா பந்தியில் உட்காரவே இல்லை.

மறுநாள் ஒரு கடையில் காட்டினார். கடை பெயர் வேண்டாம். "பீடிங் ரப்பர் போச்சு, மொத்தமா மாத்தணும்" என்று 18,000 ரூபாய் சொன்னார்கள். இவருக்கு மாதத் தவணையே மூச்சு முட்டுகிறது. வீட்டுக்கு வந்தவர் நேரே ஹார்டுவேர் கடைக்குப் போய் இரண்டு சிலிக்கான் டியூப் வாங்கி வந்துவிட்டார். "ஏல, சுத்தி வர இதைப் போட்டு அடைச்சுட்டா சோலி முடிஞ்சுது. இனி திறக்கவும் வேண்டாம், ஒழுகவும் வேண்டாம்."

"ஒரு நாள் பொறுங்க சித்தப்பா" என்றேன். அந்த ஒரு நாளில் நான் படித்ததும், அதற்குப் பிறகு தேடித் தேடித் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

கூரையைத் திறந்த கதை

ஆரம்ப காலக் கார்களுக்குக் கூரையே கிடையாது, அல்லது மடக்கு வண்டி மாதிரி ஒரு துணிக் கூரை இருக்கும். 1920களில்தான் நிரந்தரக் கூரை போட்ட மூடிய கார்கள் பெருகின. மழைக்கும் குளிருக்கும் அது வசதி. ஆனால் திறந்த வண்டியில் போய்ப் பழகிய மனிதனுக்குப் பெட்டிக்குள் அடைபட்ட மாதிரி ஒரு புழுக்கம். ஆகவே, மூடிய கூரையில் ஒரு பகுதியை மட்டும் தள்ளித் திறந்தால் என்ன என்று யோசித்தார்கள். பிரிட்டனில் 1920களிலேயே இப்படித் தள்ளும் கூரைகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் நாஷ் நிறுவனம் 1937-இல் தன் கார்களில் இதைக் கொடுத்தது.

ஜெர்மனியில் வில்ஹெல்ம் பையர் என்பவர் 1901-இல் ஒரு தொழிலை ஆரம்பித்தார். பிறகு ஸ்டாக்டார்ஃப் என்ற ஊருக்கு அதை மாற்றினார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளையும் ஊரின் முதலெழுத்துகளையும் சேர்த்தால் வெபாஸ்டோ. இன்றைக்கு உலகில் சன்ரூஃப் செய்யும் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று. அமெரிக்காவில் இது பரவக் காரணமானவர்களில் ஒருவர் ஹைன்ஸ் பிரெக்டர். ஜெர்மனியிலிருந்து போன இளைஞர். 1965-இல் லாஸ் ஏஞ்சலிஸில் 'அமெரிக்கன் சன்ரூஃப் கம்பெனி'யைத் தொடங்கி, மற்றவர்களின் காரில் கூரையை வெட்டிக் கண்ணாடி பொருத்திக் கொடுத்தே பெரிய ஆளானார்.

இதற்கு நடுவில்தான் நம் கதைக்கு முக்கியமான ஒரு மாற்றம் நடந்தது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரைத் தெரியும் அல்லவா, அந்த ஆமை ஓட்டு வண்டி? அதில் முதலில் இருந்தது மடியும் துணிக் கூரை. 1964 மாடலிலிருந்து அதை எடுத்துவிட்டு, கைப்பிடியைச் சுற்றினால் பின்னால் நகரும் எஃகுத் தகட்டுக் கூரையைக் கொடுத்தார்கள். துணியை இழுத்துக் கட்டி விளிம்போடு இறுக்கிவிடலாம். தகடோ கூரைக்குள் நுழைந்து போய்வர வேண்டும். நகரவேண்டிய பொருளைச் சுற்றி ஒரு இடைவெளி இருந்தே தீரும். இடைவெளி இருந்தால் தண்ணீர் வந்தே தீரும்.

அப்புறம் எப்படிச் சமாளித்தார்கள்?

தண்ணீரை உள்ளே விடுவது என்று முடிவு

இந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தலையில் ஒரு தட்டுத் தட்டிய மாதிரி இருந்தது. சன்ரூஃபைச் சுற்றியிருக்கும் ரப்பர், தண்ணீரை முழுசாக நிறுத்துவதற்காக வைத்ததே இல்லை! பெரும்பாலான தண்ணீரைத் தடுக்கும், காற்றுச் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அதைத் தாண்டி வருகிற தண்ணீருக்கு என்று கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் ஒரு வாய்க்கால் இருக்கிறது. அந்த வாய்க்காலின் மூலைகளில், பெரும்பாலான வண்டிகளில் நாலு மூலையிலும், விரல் நுழையாத ஒரு சின்ன ஓட்டை. ஓட்டையிலிருந்து ஒரு மெல்லிய டியூப். முன்னால் உள்ள இரண்டு டியூபும் முன் கண்ணாடியின் இரு பக்கத் தூண்களுக்குள் இறங்கி, கதவுக் கீல் பக்கமோ முன் சக்கரத்துக்குப் பின்னாலோ தண்ணீரை வெளியே விடும். பின்னால் உள்ள இரண்டும் பின் தூண்கள் வழியாக இறங்கிப் பின் சக்கரம் அல்லது பம்பர் பக்கம் முடியும்.

அதாவது இது ஒழுகாத கூரை இல்லை. ஒழுகினால் எங்கே போகவேண்டும் என்று வழி சொல்லிக் கொடுத்த கூரை. ரப்பர் புதிதாக இருந்தாலும் டியூப் அடைத்தால் உள்ளே மழைதான். ரப்பர் கொஞ்சம் பழையதானாலும் டியூப் திறந்திருந்தால் ஒரு சொட்டும் தெரியாது.

டியூபின் கடைசி முனையில் பல வண்டிகளில் ஒரு ரப்பர் வாய் இருக்கும். வாத்து அலகு மாதிரி மூடியே இருக்கும், தண்ணீர் வந்தால் மட்டும் திறக்கும். பூச்சியும் தூசியும் உள்ளே போகக்கூடாது என்று வைத்தது. வேடிக்கை என்னவென்றால், மேலிருந்து வரும் தூசி முதலில் வந்து தங்குவதும் அதே வாயில்தான். அங்கே அடைத்ததும் டியூப் நிரம்பும், டியூப் நிரம்பினால் வாய்க்கால் நிரம்பும். வண்டி நிற்கும்போது ஒன்றும் தெரியாது. பிரேக் போட்டால் நிரம்பிய வாய்க்கால் முன்பக்கம் சாய்ந்து கொட்டும். எங்கள் மணப்பெண்ணுக்கு நடந்தது அதுதான்.

கொட்டாத வண்டியில் இன்னும் மோசம். தண்ணீர் தூண் வழியாக ஓசையில்லாமல் இறங்கி, காலடி விரிப்புக்குக் கீழே உள்ள பஞ்சில் ஊறிக் கிடக்கும். முதலில் நாற்றம் வரும். பிறகு பூஞ்சை, தரைத் தகட்டில் துரு. இப்போதைய கார்களில் விரிப்புக்கு அடியிலும் இருக்கைக்கு அடியிலும் வயர் இணைப்புகளும் மின்னணுப் பெட்டிகளும் இருக்கின்றன. அங்கே தண்ணீர் ஏறினால், காரணமே புரியாமல் எச்சரிக்கை விளக்குகள் எரியும்.

நீதிமன்றம் வரை போன அடைப்பு

இது ஏதோ நம் ஊர்த் தூசியால் வரும் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். 2007-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களின் சொந்தக்காரர்கள் சன்ரூஃப் வழியாகத் தண்ணீர் ஒழுகுகிறது என்று வழக்குத் தொடர்ந்தார்கள். பல மாடல்கள், பல ஆண்டு வண்டிகள் சேர்ந்த கூட்டு வழக்கு. பிறகு சமரசம் ஆனது. சிலருக்கு வண்டியில் வேலை செய்துகொடுப்பது, செலவழித்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க 80 லட்சம் டாலர் நிதி என்று ஏற்பாடு. அந்த நிதியில் யாருக்கு முன்னுரிமை என்ற கேள்வியில் 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சமரசத்தையே ரத்து செய்யும் அளவுக்குச் சண்டை நீண்டது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. சமரசத்தில் பணத்தோடு இன்னொன்றும் சேர்த்திருந்தார்கள்: ஒழுகாமல் பராமரிப்பது எப்படி என்று வண்டிக்காரர்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது. கோடிக்கணக்கில் செலவழித்த வழக்கின் முடிவில் ஒரு வரி அறிவுரை. வண்டி விற்ற அன்றைக்கே அதை நன்றாக அழுத்திச் சொல்லியிருந்தால் எத்தனை வக்கீல் பீஸ் மிச்சம்!

நம் ஊருக்கு வந்த கண்ணாடிக் கூரை

இந்தியாவில் சன்ரூஃப் ரொம்ப நாளாகப் பணக்கார வண்டிகளின் அடையாளம். நடுத்தரக் குடும்பத்துக்கு அது இறங்கிவந்தது கடந்த பத்து வருடத்துக்குள்தான். 2022-இல் மாருதி தன் பிரெஸ்ஸாவில் முதன்முறையாக சன்ரூஃப் கொடுத்தது. 2023-இல் ஹூண்டாய் எக்ஸ்டர் போன்ற சிறிய வண்டிக்கே வந்துவிட்டது. நெதர்லாந்தின் இனால்ஃபா நிறுவனமும் நம் கேப்ரியல் இந்தியாவும் சேர்ந்து 2024-இல் சென்னைக்கு அருகே சன்ரூஃப் தொழிற்சாலையே தொடங்கிவிட்டன. 2025 ஆகஸ்டில் எங்கள் தூத்துக்குடியிலேயே வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தாயிற்று.

ஆக, கூரையில் கண்ணாடி வந்துவிட்டது. அதன் கீழே நாலு டியூப் இருக்கிறது என்ற செய்தி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. விளம்பரத்தில் குழந்தை கூரைக்கு வெளியே தலையை நீட்டிச் சிரிக்கிறது (அது ஆபத்து, அதைச் செய்யாதீர்கள்). டியூபைக் காட்டி யாராவது விளம்பரம் எடுத்திருக்கிறார்களா?

ஆச்சிக்குத் தெரிந்த பாடம்

இதையெல்லாம் படித்துவிட்டு ஆச்சியிடம் பெருமையாக விளக்கினேன். ஆச்சி முறம் புடைத்துக்கொண்டே, "மாடித் தூம்புல வேப்பெல அடைச்சா வீடு ஒழுகத்தான செய்யும். இதப் படிக்கவா காலேசுக்குப் போற?" என்றாள்.

உண்மைதான். எங்கள் பழைய வீடு சுண்ணாம்புத் தளம் போட்ட மாடி. தளத்துக்கு ஒரு பக்கம் வாட்டம், வாட்டம் முடிகிற இடத்தில் தூம்பு. மழைக்கு முன்னால் மாடியைக் கூட்டித் தூம்பில் குச்சி விட்டுக் குத்தவேண்டும் என்பது ஆச்சிக்கு அவளுடைய மாமியார் சொன்னது. அதே வீடு, அதே வாட்டம், அதே தூம்பு. அளவு சின்னதாகிக் காரின் தலையில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு மட்டுமா? உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தலுக்காகப் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்தவைதான். அதில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு வருகிறது. அதன் உறுப்பினர்களை வருடா வருடம் மாற்றித் தேர்ந்தெடுத்தார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு ஊர், ஏரியைப் பார்த்துக்கொள்ள இந்த வருடம் யார் பொறுப்பு என்று பெயர் சொல்லிக் குறித்துவைத்தது. ஏரியை யார் வெட்டினார் என்பது ஒருமுறை எழுதும் செய்தி. யார் பார்த்துக்கொள்கிறார் என்பதை வருடா வருடம் எழுதவேண்டும்.

பிற்காலத்தில் ஊர்கூடிச் செய்யும் இந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். அது தளர ஆரம்பித்ததும் ஆங்கிலேய அரசு 1858-இல் சட்டம் போட்டு, ஊராரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கப் பார்த்தது. தனக்குச் சொந்தம் என்று நினைத்துச் செய்த வேலையைச் சட்டத்தால் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்ன?

எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது ஸ்ரீவைகுண்டம் அணை. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு, 1873-இல் முடிந்தது. வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய்கள் அதிலிருந்து பிரிந்து இந்தப் பகுதியையே வாழவைக்கின்றன. அந்த அணையில் மண் மேடு தட்டிப்போய், விவசாயிகள் பல காலம் முறையிட்டு, கடைசியில் 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்லித்தான் தூர்வாரும் வேலை ஆரம்பித்தது. சேறு அள்ளுவதற்குக்கூடத் தீர்ப்பு வேண்டியிருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. அந்த மழைக்குத் தூர்வாராததுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு மழையை எந்த வாய்க்காலும் தாங்காது. ஆனால் வெள்ளம் வடிகிற நாள்களில் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "தண்ணி போறதுக்கு வழி எங்க இருக்கு?" நனைந்த பிறகு கேட்கிற கேள்வி அது. காய்ந்திருக்கும்போது அதைக் கேட்டவர் எங்கள் வீட்டில் ஆச்சி ஒருத்திதான்.

தங்கூசி வைத்தியம்

சரி, வண்டிக்கு வருவோம். மறுநாள் சிலிக்கான் டியூபை அலமாரியில் வைத்துவிட்டு, நானும் சித்தப்பாவும் வண்டியை வெயிலில் நிறுத்தினோம்.

முதலில் சன்ரூஃபை முழுசாகத் திறந்து வாய்க்காலைப் பார்த்தோம். வேப்பம்பூ, முருங்கை இலை, அதன் மேல் சிவப்பாகத் தேரி மண். எங்கள் ஊர்த் தேரி சாதாரணத் தேரி இல்லை தெரியுமா? இந்த மாவட்டத் தேரிகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகளைப் பற்றி சூய்னர், ஆல்சின் என்ற இரு அறிஞர்கள் 1956-இல் எழுதியிருக்கிறார்கள். அதில் சாயர்புரமும் உண்டு. அத்தனை பழமையான மண் சித்தப்பா வண்டியின் வாயை அடைத்திருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். சித்தப்பாவுக்கு இல்லை.

ஈரத்துணியால் வாய்க்காலைத் துடைத்தோம். மண்ணை ஓட்டைக்குள் தள்ளிவிடாமல் வெளியே எடுப்பது முக்கியம். பிறகு சோதனை. ஒரு மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, அந்தப் பக்கச் சக்கரத்துக்கு அருகே குனிந்து பார்க்கவேண்டும். தண்ணீர் உடனே கீழே சொட்டினால் அந்த டியூப் நன்றாக இருக்கிறது. தேங்கி நின்றால் அடைப்பு. எங்களுக்குப் பின்னால் இரண்டும் சரி. முன்னால் இடது பக்கம் மெதுவாகப் போனது, வலது பக்கம் அசையவே இல்லை.

அடைப்பெடுக்க கம்பி விடக்கூடாது. டியூப் மெல்லியது, கிழிந்துவிடும். பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் விடவும் கூடாது. கூரைக்குள்ளே டியூப் ஓட்டையிலிருந்து கழன்றுகொண்டால், அப்புறம் கூரைத் துணியையே இறக்கித்தான் மாட்டவேண்டும். வளையக்கூடிய, முனை கூராக இல்லாத நைலான் இழைதான் சரி. தூத்துக்குடிக்காரனுக்கு நைலானுக்கா பஞ்சம்? திரேஸ்புரத்தில் இருக்கும் நண்பன் ஒருவனிடம் தடித்த தங்கூசி நரம்பு இரண்டு பாகம் வாங்கிவந்திருந்தேன். நுனியைத் தீயில் காட்டி மொட்டையாக்கி, திருகித் திருகி மெதுவாக இறக்கினோம். முக்கால்வாசி தூரம் போய் நின்றது. சித்தப்பா கீழே படுத்து, முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்த அந்த ரப்பர் வாயைக் கண்டுபிடித்து விரலால் பிதுக்கினார்.

களிமண் மாதிரி ஒரு உருண்டை வந்தது. பின்னாலேயே சிவப்புத் தண்ணீர், சித்தப்பாவின் முழங்கை வழியாகச் சட்டைக்குள். "வந்துட்டுல!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது.

அப்புறம் நல்ல தண்ணீர் ஊற்றி, தெளிவாக வரும்வரை அலசினோம். விரிப்பைக் கழற்றி அடிப்பஞ்சை மூன்று நாள் காயவைத்தோம். இதைச் செய்யாமல் விட்டால் அடைப்பு போனாலும் நாற்றம் போகாது. இத்தனைக்குப் பிறகும் ஒழுகினால் டியூப் கழன்றிருக்கலாம், வாய்க்கால் சட்டம் விரிசல் விட்டிருக்கலாம். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை, விவரம் தெரிந்த ஆளிடம் போகவேண்டும். சுற்றிலும் சிலிக்கான் பூசியிருந்தால்? கண்ணாடி திறக்காது. ஏதாவது ஒரு இடத்தில் அது விரிசல் விட்டதும் தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீர் வெளியே வர அப்போதும் வழி இருக்காது.

கணக்கில் வராத கணக்கு

கடைசியாக, சொன்னபடி கணக்குப் பதிவியல். கார் வாங்கினால் அது மூலதனச் செலவு. இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக வருடக்கணக்கில் நிற்கும். பழுது பார்த்தல், சுத்தம் செய்தல் எல்லாம் வருவாயினச் செலவு. அந்த வருடத்தோடு எழுதித் தீர்த்துவிடுவோம், அடுத்த வருடக் குறிப்பில் அதன் பெயரே இருக்காது. வரலாறும் இப்படித்தான் கணக்கு எழுதுகிறது என்று தோன்றுகிறது. அணை கட்டியவர் பெயர் நிற்கிறது, கூரையைத் திறந்தவர் பெயர் நிற்கிறது. வருடா வருடம் தூம்பில் குச்சி விட்டவர் பெயரை யாரும் எழுதவில்லை. ஆனால் அந்தச் செலவைச் செய்யாவிட்டால் சொத்துப் பக்கத்தில் எழுதியது அத்தனையும் சேர்ந்து நனைகிறது.

எங்கள் செலவுக் கணக்கு: தங்கூசி இனாம். துணி பழையது. சிலிக்கான் டியூப் இரண்டையும் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, அது நட்டம். கல்யாணப் பெண்ணின் சேலைக்குச் சலவைச் செலவைச் சித்தப்பாவே கொடுத்துவிட்டார். அந்த அக்கா வாங்க மறுத்ததையும், இவர் வம்பாகத் திணித்ததையும் நான் பார்த்தேன்.

இப்போது வண்டி வேப்ப மரத்தடியில் நிற்பதில்லை. மீதித் தங்கூசி சுருட்டி டேஷ்போர்டுப் பெட்டியில் கிடக்கிறது. அடுத்த புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால், ஆச்சி மாடித் தூம்பைக் குத்துகிற அன்றைக்கே காரையும் பார்த்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. யார் பொறுப்பு என்று ஆச்சி கேட்டாள். சுவரில் தொங்கும் காலண்டரில் சித்தப்பாவே அந்தத் தேதிக்கு நேரே தன் பெயரை எழுதிவைத்தார்.